காத்து நின்ன ரெண்டு மணி பத்து நிமிஷம்

எனக்குக் கோவம் ஜாஸ்தி. அதை முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் நடுவுல "இந்தப் பொம்பள ஏன் இந்தக் கத்து கத்துது"ன்னு நீங்க கேக்கக் கூடாது. மூணு வருஷமா நம்மளைப் பொய்க்காரின்னு நினைக்கற ஆளுங்க முன்னாடி கைகட்டி நின்னு பாருங்க, நீங்களும் கத்துவீங்க.

என் பேரு வினோலியா. நெய்வேலி டவுன்ஷிப்ல பொறந்தேன், டவுன்ஷிப்லயே வாக்கப்பட்டேன். வீட்டுக்காரர் அலெக்சாண்டர் மைன்ஸ்ல கன்வேயர் ஆபரேட்டர், பர்மனென்ட். நான் முப்பத்தாறு வயசுல பி.எச்டி. பண்ணிக்கிட்டிருந்தேன், கடற்பஞ்சு பத்தி. நிலக்கரி ஊர்ல உக்காந்துக்கிட்டு கடல்ல இருக்கறதைப் பத்தி என்னம்மா ஆராய்ச்சின்னு கேக்காத ஆள் எங்க பிளாக்ல கிடையாது. மண்ணுக்கு அடியில இருக்கறதை நீங்க தோண்டலையா, நான் தண்ணிக்கு அடியில தோண்டறேன்னு சொல்லி வாயை அடைச்சிடுவேன்.

கடற்பஞ்சுன்னா பாத்திரம் தேய்க்கற பஞ்சுன்னு நினைச்சுக்காதீங்க. அது உயிர். செடி கூட இல்ல, விலங்கு. ஆனா வாய் கிடையாது, வயிறு கிடையாது, ரத்தம் மூளை எதுவும் கிடையாது. பாறையில ஒட்டிக்கிட்டு, உடம்பு பூரா இருக்கற பொடி ஓட்டை வழியா தண்ணியை உறிஞ்சி, அதுல இருக்கற நுண்கிருமியை வடிகட்டித் தின்னுட்டு, மேல இருக்கற பெரிய ஓட்டை வழியா மிச்சத் தண்ணியை வெளிய தள்ளும். ராத்திரி பகல் இதே வேலைதான். உங்க கை அளவு பஞ்சு ஒரு நாளைக்கு மாடித் தொட்டி நிறைய தண்ணியை வடிகட்டிடும்.

சரி, ஓட முடியாது, கடிக்க முடியாது, அப்போ மீன் வந்து கொத்தித் தின்னா என்ன பண்ணும்? அங்கதான் விஷயமே இருக்கு. உடம்புக்குள்ள ஒரு மருந்துக் கடையே வச்சிருக்கும். எதிரிக்கு விஷம், நமக்கு மருந்து. அதுல பாதியைப் பஞ்சு தானா தயார் பண்றதில்ல. அதுக்குள்ள கோடிக்கணக்கா பாக்டீரியா குடியிருக்கு, அதுங்க தயார் பண்ணிக் குடுக்கும். இருக்க இடம் குடுத்ததுக்கு வாடகைன்னு வச்சுக்கங்களேன்.

எனக்கு இதுல ஏன் இவ்ளோ வெறின்னா, எங்க அம்மா மார்த்தாளுக்குக் கால்ல ஒரு புண்ணு வந்துச்சு. சர்க்கரை உடம்பு. டாக்டருங்க மாத்தி மாத்தி ஊசி போட்டாங்க, புண்ணுல இருந்த கிருமி எதுக்குமே அடங்கல. கடைசியில முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து அழுதேன் பாருங்க, அதுக்கப்புறம்தான் விட்ட படிப்பைத் திரும்பப் புடிச்சேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, கடலூர்ல ஃபைபர் படகு வச்சிருக்கற எங்க பவுல்ராஜ் சித்தப்பா கடல்ல முங்கி ஒரு கடற்பஞ்சு எடுத்துக் குடுத்தாரு. கரையிலருந்து தள்ளி மூழ்கிக் கெடக்கற ஒரு பழைய இரும்புப் படகு மேல முளைச்சிருந்தது. செங்காவி நிறம். அதுலருந்து சாறு எடுத்து, எங்க அம்மா கால்ல இருந்த மாதிரியே மருந்துக்கு அடங்காத கிருமி வளத்த தட்டுல ஒரு சொட்டு வச்சேன். மறுநாள் காலையில பாத்தா, சொட்டைச் சுத்தி இருபத்துநாலு மில்லிமீட்டர் வட்டம். கண்ணாடி மாதிரி. வட்டத்துக்குள்ள ஒரு கிருமி உயிரோட இல்ல. அந்த ரிசல்ட்டை எழுதி அனுப்பினேன், பத்திரிகையில வந்துச்சு, டவுன்ஷிப் பூரா லட்டு குடுத்தேன்.

அதோட சரி. அதுக்கப்புறம் அதே இடத்துல, அதே பஞ்சு, பதினோரு தடவ கொண்டுவந்து செஞ்சேன். பதினோரு தடவயும் ஒண்ணுமில்ல. தட்டு பூரா கிருமி செழிப்பா வளந்து என்னைப் பாத்து சிரிச்சுது.

எங்க ஆராய்ச்சிக் குழுவுல வெளியிலருந்து வந்த மெம்பர் ஒருத்தர், டாக்டர் அருண்பிரசாத். சத்தம் போட்டுப் பேச மாட்டாரு. அது இன்னும் எரிச்சல். "ஒரு தடவ வந்தா அது ரிசல்ட் இல்லம்மா, மறுபடி வந்தாத்தான் ரிசல்ட்"னு ஒவ்வொரு மீட்டிங்லயும் மெதுவா சொல்லுவாரு. கடைசி மீட்டிங்ல கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "முதல் தட்டுல தெரியாம வேற ஏதாவது மருந்து பட்டிருக்கலாம், இல்லன்னா..."ன்னு நிறுத்தினாரு. இல்லன்னா என்ன? நீயே வச்சிட்டியான்னுதானே அர்த்தம்? எழுந்து கேட்டேன். எங்க கைடு சண்முகப்ரியா மேடம் கையைப் புடிச்சு உக்கார வச்சாங்க. முடிவு என்னன்னா, நவம்பர் மாசம் முடியறதுக்குள்ள அந்த வட்டம் மறுபடி வரணும். வரலன்னா அந்தக் கட்டுரையை நானே வாபஸ் வாங்கணும், பி.எச்டி. ரத்து. வாபஸ் வாங்கினா ஊர் என்ன சொல்லும்? புளுகி மாட்டிக்கிட்டான்னுதான் சொல்லும்.

பஞ்சை எப்படிப் பாத்துக்கறதுன்னு முதல் தடவ எனக்கு ஒரு இழவும் தெரியாது. ஆனா அப்புறம் கத்துக்கிட்டேன். இறால் குஞ்சு அனுப்பற மாதிரி ஆக்சிஜன் அடைச்ச பையில கொண்டுவர ஏற்பாடு பண்ணேன், தண்ணி சூடு பாத்தேன், உப்பு பாத்தேன், பிரசவிச்ச பொண்ணைப் பாத்துக்கற மாதிரி பாத்துக்கிட்டேன். காலேஜ் லேப்ல சனி, ஞாயிறு ஆள் கிடையாது, கரண்ட் போனா ஜெனரேட்டர் போட நாதி கிடையாது. அதனால கடைசி பஞ்சை எங்க குவார்ட்டர்ஸ்லயே வச்சுக்கறேன்னு மேடம்கிட்ட பர்மிஷன் கேட்டேன். "பேட்டரி பம்ப் ஒண்ணு வாங்கி வச்சுக்கோ வினோலியா"ன்னாங்க.

"எதுக்கு மேடம்? எங்க ஊரு கரண்ட் தயார் பண்ற ஊரு. கரண்ட் போகாது"ன்னு மார் தட்டினேன்.

அந்தத் திமிருக்கு அனுபவிச்சேன். எங்க டவுன்ஷிப் ஆளுங்க யாரு வீட்டுலயும் இன்வெர்ட்டர் இருக்காது, மெழுகுவத்தி கூட பிறந்தநாள் கேக்குக்கு வாங்கினதுதான் இருக்கும். அவ்ளோ நம்பிக்கை.

நவம்பர் பத்தாம் தேதி சித்தப்பா பஞ்சைக் கொண்டுவந்தாரு. "கடல் சீறிக்கினு இருக்கு பாப்பா, இனிமே தை மாசந்தான் முங்க முடியும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இது ஒண்ணுதான். இதை விட்டா வேற கிடையாது. பின் ரூம்ல கண்ணாடித் தொட்டி, கேன் கேனா கடல் தண்ணி, ஓயாம கொப்புளிக்கற ஏர் பம்ப்.

இங்க பக்கத்து குவார்ட்டர்ஸ் பன்னீர்செல்வத்தைப் பத்திச் சொல்லணும். சேத்தியாத்தோப்பு பக்கத்து ஆளு. மைன்ஸ்ல ஷிப்ட் இன்சார்ஜா இருந்து, ரெண்டு வருஷம் முன்னாடி ரிட்டையர் ஆனவரு. மகனுக்கும் இங்கயே வேலைங்கறதால அந்த வீட்டுலயே இருக்காரு. ரிட்டையர் ஆனது அவருக்கு மட்டும் தெரியாது. காலையில அஞ்சு மணிக்கு யூனிஃபார்ம் கலர்ல ஒரு சட்டையைப் போட்டுக்கிட்டு, கையில ஒரு நீள நோட்டோட வாசல்ல உக்காந்துடுவாரு. குப்பை வண்டி வந்த நேரம், தண்ணி விட்ட நேரம், பால்காரன் லேட்டா வந்த நேரம், எல்லாம் நோட்டுல ஏறும். பஞ்சு வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தொட்டியில கடல் தண்ணி ஊத்திப் பழகிக்கிட்டிருந்தேன். எங்க வீட்டுல அந்தத் தண்ணி நாத்தம் அடிக்குதுன்னு டவுன்ஷிப் ஆபீஸுக்கு மனு எழுதிப் போட்டதும் அவருதான். எந்தெந்த தேதி எத்தனை மணிக்கு நாத்தம் அடிச்சுதுன்னு பட்டியல் வேற! அந்த மனுவோட நகலை அவரு வாசல்லயே கிழிச்சுப் போட்டேன். ரெண்டு மாசமா பேச்சு வார்த்தை கிடையாது. அவரு சம்சாரம் சந்திரகலா அக்கா மட்டும் திருட்டுத்தனமா எங்க வீட்டுக்குக் குழம்பு அனுப்பும்.

நவம்பர் பதினாறு, ஞாயித்துக்கிழமை. மறுநாள் பஞ்சை லேபுக்குக் கொண்டுபோகணும். அலெக்சாண்டர் ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்குப் போயிட்டாரு. ராத்திரியெல்லாம் மழை. நான் ஆறரை மணி பூசைக்குப் போயி, பூசை முடிஞ்சு பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுத்துட்டு, எட்டே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தேன். எங்க தெரு முனையில பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோட சாஞ்சு, கரண்ட் கம்பியை இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு.  செருப்பைக் கூடக் கழட்டாம பின் ரூமுக்கு ஓடினேன்.

பம்ப் நின்னு கெடக்கு. தொட்டியில ஒரு கொப்புளம் இல்ல. செங்காவியா உப்பி இருந்த பஞ்சு, வாடின கத்திரிக்கா மாதிரி சுருங்கிப் போயி, மேல இருந்த பெரிய ஓட்டையெல்லாம் இறுக மூடிக்கிட்டிருந்தது. அழுகின முட்டை வாடை லேசா வந்துச்சு. மாதாவே, செத்துப்போச்சேன்னு அலறிட்டேன்.

அலெக்சாண்டருக்கு போன் போட்டேன். "மரம் விழுந்துடுச்சு, கரண்ட் இல்ல, பஞ்சு சாவுது, ஓடி வாங்க!"

"ஷிப்ட்ல இருக்கேன்டி. ரிலீவர் வராம எடத்தை விட்டு நகரக் கூடாது. ரெண்டு மணிக்குத்தான் வர முடியும்."

"உங்க ரிலீவர் நாசமாப் போக! என் மூணு வருஷம் சாவுது, உங்களுக்கு பெல்ட் முக்கியமாப் போச்சா?"

"பெல்ட்டை விட்டுட்டு வந்தா கீழ நிக்கறவன் சாவான் வினோ" அப்படின்னு சொல்லிட்டு வச்சுட்டாரு. நியாயம்தான். ஆனா நியாயத்தைக் கேக்கற நிலைமையிலயா நான் இருந்தேன்? போனைக் கட்டில்ல விசிறி அடிச்சேன், ஒரு சொம்பால தொட்டித் தண்ணியை மொண்டு மொண்டு ஊத்தினேன், அழுதேன், கரண்டைத் திட்டினேன், மரத்தைத் திட்டினேன், என்னையே திட்டிக்கிட்டேன்.

அப்போதான் வாசல்ல குரல். "என்னாம்மா இது, காலங்காத்தால இந்த நாத்தம் நாறுது? வூட்டுல மனுசன் இருக்கறதா வேணாமா?"

பன்னீர்செல்வம். கையில நோட்டு. வந்த கோவத்துக்கு சொம்பாலயே அடிச்சிருப்பேன். ஆனா வாயைத் தொறந்தா அழுகைதான் வந்துச்சு. "உள்ள ஒரு உயிரு காத்து இல்லாம சாவுதுய்யா, நீங்க நாத்தத்தைப் பத்திப் பேசறீங்க!"

அவரு உள்ள வந்து தொட்டியைப் பாத்தாரு. பம்பைப் பாத்தாரு. குழாயைப் புடிச்சுப் பாத்தாரு. "இதுக்கு வேண்டியது காத்து மட்டுந்தானா?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். விறுவிறுன்னு போனவரு, சைக்கிள் பம்போட வந்தாரு. குழாய் முனையை அதுல சொருகி, ரப்பர் துண்டால கட்டி, குந்தி உக்காந்து அடிக்க ஆரம்பிச்சாரு. தொட்டிக்குள்ள கொப்புளம் வந்துச்சு. ஒரு கையால அடிச்சுக்கிட்டே, இன்னொரு கையால நோட்டைத் தொறந்து எழுதினாரு. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! உயிர் போற நேரத்துல என்னய்யா எழுத்து வேண்டிக்கெடக்கு?

"மிஷின் நின்னா, நின்ன நேரமும் ஓடுன நேரமும் எழுதணும்மா. எழுதாத ஷிப்ட்டு ஓடாத ஷிப்ட்டு" அப்படின்னாரு.

அரை மணி நேரத்துல எங்க பின் ரூம் மைன்ஸ் கன்ட்ரோல் ரூம் ஆயிடுச்சு. மகனோட காரு டயர் டியூப் ஒண்ணைக் கொண்டுவந்து, அதுல காத்து அடைச்சு, ஆஸ்பத்திரி டிரிப்ஸ் குழாயோட உருளை கிளிப்பால கொஞ்சம் கொஞ்சமா தொட்டிக்குள்ள விட்டாரு. டியூப் இளைச்சா சைக்கிள் பம்பால மறுபடி அடிக்கணும். அதுக்கு ஆளுக்கு ஒரு மணி நேரம் ஷிப்ட். சந்திரகலா அக்கா, எதிர் வீட்டுல ரெண்டு பேரு, நான், அவரு. அஞ்சு பேருக்கும் பேர் போட்டு, நேரம் போட்டு, சுவத்துல ஒட்டிட்டாரு. கைமாறும்போது வந்தவரும் போறவரும் அவரு நோட்டுல கையெழுத்துப் போடணும். என் வீட்டுல, என் தொட்டிக்கு, நான் கையெழுத்துப் போடணுமாம்! என் முதல் ஷிப்ட்டுக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டேன்.

பதினோரு மணிக்கு அவரு ஷிப்ட். பன்னண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் வர வேண்டிய எதிர் வீட்டு ஆளுங்க ரெண்டு பேரும் மரம் வெட்டற இடத்துல மாட்டிக்கிட்டாங்க. நான் போயி, "நீங்க எழுந்து சாப்பிடுங்க, நான் அடிக்கறேன்"னேன்.

"உன் பேரு ரெண்டு மணிக்குத்தான். உன் கை வீங்கிக்கினு இருக்கு, போயி எண்ணெய் தடவு. ரிலீவர் வராம நான் எழுந்திருக்க மாட்டேன்."

அறுபத்திரண்டு வயசு மனுஷன் வேர்வை சொட்டச் சொட்ட ரெண்டு மணி வரைக்கும் அடிச்சாரு. சந்திரகலா அக்கா பக்கத்துல உக்காந்து சோத்தை உருண்டை புடிச்சு வாயில ஊட்டி விட்டுச்சு. "பொண்டாட்டிக்கு ஒரு நாள் விசிறி விட்டதில்ல, பஞ்சுக்குக் காத்தடிக்கறாரு பாரு"ன்னு அது சொல்ல, ரெண்டு மாசத்துக்கப்புறம் அந்த வீட்டு ஆளுங்களோட சேந்து நான் சிரிச்சேன்.

சாயங்காலம் நாலு மணி வாக்குல பஞ்சு லேசா உப்பின மாதிரி இருந்துச்சு. உயிர் இருக்கா, கண்ணுக்குத் தெரியுதான்னு அக்கா கேட்டுச்சு. கொஞ்சம் கேசரிப் பவுடர் வாங்கி, தொட்டித் தண்ணியில கரைச்சு, பஞ்சோட விலாவுல ஒரு சொட்டு விட்டேன். எல்லாரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு பாத்தோம். அந்த மஞ்சள் மெதுவா உள்ள போச்சு. கொஞ்ச நேரத்துல, மேல ஓட்டை ஒண்ணு தொறந்து, அது வழியா மஞ்சப் புகை மாதிரி மேல எழும்பிச்சு.

"மூச்சு வுடுதுடி!"ன்னு அக்கா கை தட்டுச்சு. ரெண்டு மணி ஷிப்ட் முடிஞ்சு அழுக்கு யூனிஃபார்மோடயே வந்து பம்ப் அடிச்சுக்கிட்டிருந்த அலெக்சாண்டர், என்னைப் பாத்துக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. ஆறு மணி பத்து நிமிஷத்துக்குக் கரண்ட் வந்துச்சு. அதையும் பன்னீர்செல்வம் எழுதினாரு.

மறுநாள் பஞ்சைத் தண்ணிக்குள்ளயே ரெண்டா வெட்டினேன். கடற்பஞ்சுக்கு அப்படி ஒரு பெரிய மனசு, வெட்டினா ரெண்டும் பொழைக்கும். ஒரு பாதி தொட்டியில இருந்துச்சு. இன்னொரு பாதியை லேபுக்குக் கொண்டுபோயி சாறு எடுத்தேன். எனக்கு நம்பிக்கையே இல்ல. அடிபட்ட பஞ்சு, பாதி செத்த பஞ்சு, இதுலயா வரப்போகுதுன்னு கடமைக்குத்தான் தட்டுல சொட்டு வச்சேன்.

வியாழக்கிழமை காலையில தட்டைத் தொறந்தேன். இருபத்தேழு மில்லிமீட்டர்!

நான் போட்ட சத்தத்துல வாட்ச்மேன் ஓடி வந்தாரு. சண்முகப்ரியா மேடம் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, "வந்துடுச்சு, வந்துடுச்சு"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி குதிச்சாங்க. முதல் வட்டத்தை விட மூணு மில்லிமீட்டர் பெருசு. அன்னைக்கு மத்தியானமே அருண்பிரசாத் சார் வந்தாரு. தட்டை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. ஸ்கேலால தானே அளந்தாரு. மூஞ்சியில ஒரு மாத்தமும் இல்ல.

"சரிம்மா. நடுவுல பதினோரு தடவ ஏன் வரல?"

"தெரியல சார்."

"காரணம் தெரியலன்னா இதுவும் குருட்டாம்போக்குதான். பதினாலு தடவயில ரெண்டு தடவ வர்றதை வச்சு..."

"பதிமூணு சார்."

"பதிமூணு. அதை வச்சு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு."

அவரு மேல மண்ணை வாரித் தூத்தலாம் போல இருந்துச்சு. அதை விடக் கொடுமை, அவரு சொன்னது சரிதான்னு எனக்கே தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து, சாப்பிடாம, அலெக்சாண்டர் கேட்டதுக்குப் பதில் சொல்லாம, தொட்டி முன்னாடி உக்காந்துட்டேன். ஏன் வந்தே? ஏன் பதினோரு தடவ வரல? பஞ்சு பேசுமா? தண்ணியை உறிஞ்சிக்கிட்டு இருந்துச்சு.

அப்போ பன்னீர்செல்வம் வந்தாரு, நோட்டோட. "ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்கு நான் உன்கிட்ட ஒப்படைச்சேன். நீ கையெழுத்துப் போடல. அந்த எடம் காலியா கெடக்கு, எனக்குத் தூக்கம் வரல."

பாத்தீங்களா மனுஷனை! என் குடி முழுகிக்கிட்டிருக்கு, இவருக்குக் கையெழுத்து. குடுங்கய்யான்னு புடுங்கினேன். பக்கத்தைப் புரட்டும்போது, அந்த ஞாயித்துக்கிழமையோட முதல் ரெண்டு வரி கண்ணுல பட்டுச்சு.

"6.50 – மரம் விழுந்தது, சப்ளை நின்றது. 9.00 – காற்று ஆரம்பம். பொருள் சுருங்கி உள்ளது, வாய் மூடி உள்ளது, அழுகிய முட்டை வாடை."

ரெண்டு மணி பத்து நிமிஷம். நான் வீட்டுக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் நின்னுச்சுன்னு அரைகுறையா நினைச்சுக்கிட்டிருந்தேன். ரெண்டு மணி பத்து நிமிஷம் காத்தே இல்லாம கெடந்திருக்கு!

முதுகுல யாரோ தட்டின மாதிரி ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. மூணு வருஷத்துக்கு முன்னாடி, அந்த முதல் பஞ்சு. ஆக்சிஜன் பையா? அதெல்லாம் அப்போ யாருக்குத் தெரியும்? காலி பெயின்ட் டப்பாவுல கடல் தண்ணி ஊத்தி, மூடியை இறுக்கி, மடியில வச்சுக்கிட்டு கடலூர்லருந்து காலேஜுக்கு பஸ்ல போனேன். குறிஞ்சிப்பாடிகிட்ட பஸ் பிரேக்டவுன். வெயில்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல நின்னோம். அந்தப் பஞ்சும் காத்தில்லாம சுருங்கிப்போய்த்தான் லேபுக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் நான் பாவம் பாவம்னு பாத்துக்கிட்ட பதினொண்ணும் சொகுசுல இருந்துச்சு. எதிரியே இல்லாதவன் எதுக்குக் கத்தியைத் தீட்டுவான்?

உள்ள குடியிருக்கற பாக்டீரியாவுல காத்து ஆகாத ஜாதியும் உண்டு. பஞ்சு தண்ணி உறிஞ்சறதை நிறுத்திட்டா, கொஞ்ச நேரத்துல உள்ள ஆக்சிஜன் தீர்ந்துடும். அப்போ அதுவரைக்கும் ஒடுங்கிக் கெடந்ததுங்க வேலைக்கு எறங்கும். அதுங்கதான் அந்த மருந்தைத் தயார் பண்ணுதுன்னா? ஷிப்ட் மாறினாத்தான் அந்த மிஷின் ஓடும்னா?

"அண்ணே!"ன்னு கத்திட்டேன். ரெண்டு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசாத ஆளை அண்ணேன்னு கூப்பிட்டது எனக்கே அப்புறம்தான் உறைச்சுது. அவரு பயந்துபோயி, "கையெழுத்துதானம்மா கேட்டேன்"னாரு.

அருண்பிரசாத் சாருக்கு அப்பவே போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். நோட்டைப் படம் புடிச்சு அனுப்பினேன். சார் அதைப் பெருசு பண்ணிப் பாத்தாரு. அப்புறம், "காத்தை நிறுத்தினா வரும், நிறுத்தலன்னா வராது. அதானே உங்க வாதம்? என் கண் முன்னாடி செய்ங்க. எது எந்தத் துண்டுன்னு உங்களுக்குத் தெரியாத மாதிரி நான் நம்பர் போடறேன்"னாரு. போடுங்க சார்னேன்.

திங்கக்கிழமை, மிச்சம் இருந்த பாதியைத் தொட்டியோட லேபுக்குக் கொண்டுபோனோம். ஆறு துண்டா வெட்டி, ஆறு ஜாடியில, ஆறு பம்ப். மூணு துண்டுக்குக் காத்து ஓடணும், மூணுக்கு நிறுத்தணும். அன்னைக்கு ஒரு நாள் பூரா அந்தக் காத்துக்காக மூணு வீட்டு ஆளுங்க கை வீங்கி உழைச்சிருக்கோம். இப்போ நானே என் கையால நிறுத்தணும். சுவிட்ச்சுல விரல் வச்சுட்டேன், அழுத்த முடியல. இது தப்பாப் போனா, பஞ்சும் இல்ல, டைமும் இல்ல, பேரும் இல்ல. மேடம் என் முகத்தைப் பாத்தாங்க. கண்ணை மூடிக்கிட்டு மூணு சுவிட்ச்சையும் அணைச்சேன்.

ரெண்டு மணி பத்து நிமிஷம். ஸ்டூலைப் போட்டு எதிர்ல உக்காந்தேன். ஓட்டை ஒண்ணொண்ணா மூடறதைப் பாத்தேன். தாங்கு, தாங்குன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன். நேரம் முடிஞ்சதும் அருண்பிரசாத் சார் என்னையும் மேடத்தையும் வெளிய அனுப்பிட்டு, துண்டையெல்லாம் எடுத்து வேற வேற பாட்டில்ல போட்டு, ஒண்ணு முதல் ஆறு வரைக்கும் நம்பர் ஒட்டினாரு. எந்த நம்பர் எதுன்னு எழுதின சீட்டை ஒரு கவர்ல போட்டு ஒட்டி, தன் சட்டைப்பையில வச்சுக்கிட்டாரு. நம்பரை மட்டும் பாத்து நான் சாறு எடுத்து, அதே நம்பர் போட்ட தட்டுல சொட்டு வச்சேன்.

வியாழக்கிழமை காலையில குழு மொத்தமும் உக்காந்திருந்துச்சு. மேசை மேல ஆறு தட்டு, மூடியோட. சாரே ஒவ்வொண்ணா தொறந்தாரு.

ஒண்ணு: ஒண்ணுமில்ல.  ரெண்டு: வட்டம். மூணு: ஒண்ணுமில்ல. நாலு: வட்டம். அஞ்சு: வட்டம், இன்னும் பெருசு. ஆறு: ஒண்ணுமில்ல.

சார் கவரைக் கிழிச்சாரு. சீட்டைப் பிரிச்சாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, மாட்டிக்கிட்டு, மறுபடி படிச்சாரு. 

"காத்து நிறுத்தினது ரெண்டு, நாலு, அஞ்சு" அப்படின்னாரு.

 அப்புறம் அவரு எழுந்து நின்னாரு. எல்லாரும் உக்காந்திருக்க, அவரு மட்டும். "வினோலியா, மூணு வருஷமா உங்களைச் சந்தேகப்பட்டேன். உங்க முதல் தட்டு உண்மை. நான்தான் தப்பு."

இந்த நாளுக்காக எத்தனை டயலாக் தயார் பண்ணி வச்சிருந்தேன் தெரியுமா? குளிக்கும்போது, காய் நறுக்கும்போது, கேன் தூக்கும்போது, அந்த ஆளைக் கேக்க வேண்டிய கேள்வி ஒவ்வொண்ணையும் தீட்டித் தீட்டி வச்சிருந்தேன். ஒண்ணு கூட வரல. 

"இப்போ சொன்னதை அப்படியே மீட்டிங் மினிட்ஸ்ல எழுதுங்க சார்"னு மட்டும் சொன்னேன்.

எழுதினாரு. நான் பக்கத்துலயே நின்னு, ஒவ்வொரு எழுத்தா பாத்தேன். கடைசிப் புள்ளி வச்சு அவரு கையெழுத்துப் போட்டதும், அந்தத் தாளைத் தூக்கிக்கிட்டு வராந்தாவுக்கு ஓடிவந்து, காலேஜ் பூரா கேக்கற மாதிரி சத்தமா படிச்சேன்: "வினோலியாவின் முதல் முடிவு உண்மையானது." கிளாஸ்ல இருந்த பிள்ளைங்க எட்டிப் பாத்துச்சு. மேடம் உள்ளருந்து, "போதும்டி, மானம் போகுது"ன்னாங்க. நான் இன்னும் ரெண்டு தடவ படிச்சேன்.